பதக்கம் கொள்முதலைக் கற்றுத் தராது

கொள்முதல் பயிற்சியைப் பற்றி இன்று ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. பாடம் வறண்டது, படிவமும் விதியும் நிறைந்தது, வகுப்பில் உட்கார வைத்துச் சொன்னால் மனதில் நிற்காது. ஆகவே அதை ஒரு வீடியோ கேமாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி, சரியான விடைக்கு பேட்ஜ், முதல் பத்துப் பேருக்குத் தரவரிசைப் பலகை என்று வைத்துவிட்டால் ஆர்வம் வரும். ஆர்வம் வந்தால் திறமை தானாக வரும். அரசுத் துறைகளின் பயிற்சிப் பிரிவுகளிலும் தனியார் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளிலும் இதை மறுத்துப் பேசுவோர் குறைவு. நான் மறுக்கிறேன்.

அந்தக் கருத்துக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் இருக்கைக்கு வருபவர் பெரும்பாலும் அதற்கென்று படித்தவர் அல்லர். மருத்துவராகவோ பொறியாளராகவோ கணக்கராகவோ இருந்தவர் இடமாறுதலில் வந்து அமர்கிறார். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் அவர்முன் இருக்கின்றன. மத்திய அரசு அலுவலகம் என்றால் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், 2016இல் தொடங்கிய ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையச் சந்தை. இவற்றை நாள் முழுக்க ஸ்லைடு காட்டி வாசிக்கும் வகுப்பு அவருக்கு உதவுவதில்லை என்பது உண்மை. விளையாட்டின் வழியாகக் கற்பிக்க முடியும் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளிலிருந்து பேட்ஜுக்கும் தரவரிசைக்கும் தாவுவதுதான் பிழை. விளையாட்டில் மனிதருக்குப் பாடம் சொல்வது, தான் எடுத்த முடிவின் விளைவைத் தானே சுமப்பது. பரிசு அந்த வேலையைச் செய்யாது. என் மறுப்புகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

1. ஆர்வமின்மைதான் நோய் என்று யார் கண்டறிந்தது?

டெண்டர் கோப்பில் கையெழுத்திடும் எவரையும் கேளுங்கள். அவருக்குக் குறைவது அக்கறை அன்று. நாளை தணிக்கைக் குறிப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரவில் தூக்கம் வராத அளவுக்கு அக்கறை இருக்கிறது. அவரிடம் இல்லாதது, தவறு செய்து பார்த்துக் கற்கும் வாய்ப்பு. உண்மையான கோப்பில் ஒருமுறை தவறினால் விசாரணை வரும்; அதனால் முன்னவர் எழுதிய குறிப்பை அப்படியே நகலெடுத்துப் பிழைக்கக் கற்றுக்கொள்கிறார். பேட்ஜ் இந்தக் குறையைத் தொடுவதே இல்லை.

ஆய்வுகளும் ஆர்வக் கதைக்குத் துணை நிற்கவில்லை. கற்பிக்கும் விளையாட்டுகளைப் பற்றிய பல ஆய்வுகளை வவுட்டர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கற்பித்தலைவிட விளையாட்டுகளால் கற்றல் கூடியது, கற்றது நினைவிலும் நின்றது. ஆனால் ஊக்கம் கூடியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆர்வம் வழியாகத்தான் திறமை வருகிறது என்ற வாதத்துக்கு இது நேரடியான அடி. 2015இல் ஹானஸ், ஃபாக்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே பாடம், இரண்டு கல்லூரி வகுப்புகள். ஒன்றில் மட்டும் பேட்ஜும் தரவரிசைப் பலகையும். 16 வாரப் பருவம் முடிகையில் பேட்ஜ் வாங்கிய வகுப்பில் ஊக்கம் தாழ்ந்திருந்தது, இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் தாழ்ந்திருந்தது. பரிசு தருவதாகச் சொல்லிப் படம் வரையவைத்த மழலைகள் பின்னர் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டதை லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இலேயே காட்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அதே தூண்டிலைப் புதுமை என்று விற்கிறோம்.

2. கொள்முதலுக்கு விடைத்தாள் எங்கே இருக்கிறது?

பயிற்சி கேம் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாடி வினாக்கள். பின்னணியில் ஓர் அலுவலகப் படம், நடமாடும் பொம்மை, சரியான விடைக்கு மணியோசை. விதிகளை நினைவில் நிறுத்த வினாடி வினா உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. படித்ததையே மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நெடுநாள் தங்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் நிறுவினார்கள். அங்கே வேலை செய்வது கேள்விதான். பொம்மையை எடுத்துவிட்டுத் தாளில் கேட்டாலும் அதே பலன் கிடைக்கும்.

விதி முடியும் இடத்தில்தான் கொள்முதல் தொடங்குகிறது. மாவட்ட மருத்துவமனைகளுக்குக் குளுக்கோஸ் பாட்டில் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்திருக்கின்றன. மூன்றும் தொழில்நுட்ப உறையில் தேறியவை. குறைந்த விலை மற்ற இரண்டைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது. ஏற்கலாம், விலைப் பகுப்பாய்வு கேட்கலாம், டெண்டரை ரத்து செய்து மறுபடி அழைக்கலாம். மூன்றுக்குமே கோப்பில் நியாயம் எழுத முடியும். எது சரி என்பது கையிருப்பு எத்தனை வாரத்துக்கு இருக்கிறது, அந்த நிறுவனத்தின் உற்பத்தித் திறன் என்ன, மறு டெண்டருக்கு எத்தனை நாள் ஆகும் என்பவற்றைப் பொறுத்தது. 1983இல் பீட்டர் கிரால்ஜிக் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையின் மையமும் இதுவே. லாபத்தில் ஏற்படும் தாக்கம், கிடைப்பதில் உள்ள ஆபத்து என்ற இரண்டையும் வைத்துப் பொருள்களை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாங்கும் முறை வேறு என்றார். காகிதம் வாங்கும் முறையில் உயிர்காக்கும் மருந்தை வாங்கக் கூடாது. ஒரே சரியான விடைக்கு மணியடிக்கும் கேம் இதற்கு நேர்மாறான பாடத்தைப் புகட்டுகிறது: விடை எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும்.

3. தரவரிசைப் பலகை எதைக் கற்பிக்கிறது என்று பார்த்தீர்களா?

மதிப்பெண்ணுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். எண்ணுவதற்கு மிக எளிதானது சேமித்த பணம். ஆகவே மதிப்பீட்டு விலையைவிட எவ்வளவு குறைவாக வாங்கினாரோ அவ்வளவு புள்ளி. இப்படி அமைத்த நொடியிலேயே அந்த விளையாட்டு எல்-1 வழிபாட்டை, அதாவது மிகக் குறைந்த விலை கொடுத்தவரே சிறந்தவர் என்ற நம்பிக்கையை, கற்பிக்கத் தொடங்கிவிடுகிறது. ஓர் அளவீட்டை இலக்காக்கினால் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடும். பொருளியலறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் முன்வைத்த கருத்தின் சாரம் அதுதான்.

மிகக் குறைந்த விலை ஏன் அஞ்சத்தக்கது என்பதை விளக்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். பேசர்மன், சாமுவல்சன் இருவரும் 1983இல் வெளியிட்ட சோதனையில் 8 டாலர் மதிப்புள்ள நாணயங்கள் முதலியவற்றை ஜாடியில் வைத்து மேலாண்மை மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னார்கள். ஜாடியின் மதிப்பு எவ்வளவு என்று அவர்கள் ஊகித்த தொகைகளின் சராசரி 5.13 டாலர். அதாவது கூட்டம் மொத்தமாகக் குறைத்தே மதிப்பிட்டது. இருந்தும் ஏலத்தை வென்ற விலைகளின் சராசரி 10.01 டாலர். வென்றவர்கள் நட்டப்பட்டார்கள். காரணம் எளியது: வெல்பவர் யாரென்றால், எல்லோரிலும் அதிகமாகத் தவறியவர். மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களில் நிறுவனங்கள் இப்படியே கையைச் சுட்டுக்கொண்டதை 1971இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் எழுதியிருந்தார்கள்.

டெண்டரில் இது தலைகீழாக நடக்கிறது. வெல்பவர் தன் செலவை எல்லோரையும்விடக் குறைவாக மதிப்பிட்டவராக இருக்கலாம். அந்தத் தவறு பிறகு நம் தலையில் விடிகிறது. பாதியில் நிற்கும் கட்டடமாக, தரம் குறைந்த பொருளாக, கால நீட்டிப்புக் கடிதங்களாக அது திரும்பி வருகிறது. ஜாடியை மேசைமேல் வைத்து அரை மணி நேரத்தில் உணர்த்தக்கூடிய இந்த உண்மையை, சேமிப்புக்குப் புள்ளி தரும் கேம் நூறு கட்டங்கள் விளையாடவைத்து அழிக்கிறது.

4. உடனடிப் பாராட்டு யாருக்கு நன்மை?

கிளிக் செய்ததும் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்பது கேம் வடிவமைப்பாளர்களின் வேதவாக்கு. கொள்முதலில் பச்சை விளக்கு எரிவதில்லை. இன்று போட்ட ஆர்டரின் பலன் மாதங்கள் கழித்து, வேறொரு ஸ்டோர்ஸில், வேறொருவர் இருக்கையில் தெரிகிறது. அந்தத் தாமதம்தான் இந்தத் தொழிலின் மையச் சிக்கல். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது கொள்முதலே அன்று.

தாமதத்தை நீக்காத ஒரு விளையாட்டு 1960களிலிருந்து நம்மிடம் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் மரபில் உருவான பீர் விளையாட்டு. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு இருக்கைகள். ஒவ்வொருவரும் தனக்கு மேலுள்ளவரிடம் வாரந்தோறும் ஆர்டர் கொடுக்க வேண்டும், பேசக் கூடாது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரங்கள் ஆகும். தேங்கிய பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்த பெட்டிக்கு ஒரு டாலர் செலவு. வாடிக்கையாளர் தேவை முதல் 4 வாரம் 4 பெட்டி. அதன்பின் 8 பெட்டி. பிறகு இறுதிவரை மாறாது. மாற்றம் அந்த ஒன்றே. ஆனாலும் ஆலையை எட்டும்போது ஆர்டர்கள் பேரலையாக எழுந்து விழுகின்றன. ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடியவர்களின் செலவு சிறந்த உத்தியின் செலவைப் போலச் சுமார் 10 மடங்காக இருந்தது. வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னபோது பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலையை வரைந்தார்கள். அலையை உண்டாக்கியவர்கள் அவர்களே.

இந்த விளையாட்டில் பரிசுப் புள்ளி இல்லை, பேட்ஜ் இல்லை. பலகையும் வில்லைகளும் தாளும் பென்சிலும் மட்டுமே. ஆனால் ஒருமுறை விளையாடியவர், சரக்கு வரவில்லை என்ற பதற்றத்தில் இரட்டிப்பாக இண்டென்ட் போடும் பழக்கத்தை அதன்பின் சந்தேகத்தோடு பார்ப்பார். மேலாண்மைப் பள்ளிகள் இன்றுவரை இதை விடாமல் நடத்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

5. சப்ளையர் என்ன மரப்பாச்சியா?

பயிற்சி கேமில் வரும் சப்ளையர் நிரலில் எழுதிய விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். நிஜ சப்ளையர் யோசிப்பவர். எதிரே இருக்கும் அலுவலகம் எப்போது பணம் தரும் என்று கணக்குப் போடுபவர். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது நடக்காது என்று தெரிந்த அலுவலகத்துக்கு அவர் அந்தத் தாமதத்தின் வட்டியையும் சேர்த்தே விலை எழுதுவார். வாங்குபவரின் தாமதமே வாங்கும் விலையை ஏற்றுகிறது என்ற பாடம் விதிப்புத்தகத்தில் இல்லை. அந்த இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

கூட்டுச் சதியும் அப்படியே. டெண்டர் விலையில் கைகோப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்கீழ் தடுக்கப்பட்டது என்று ஸ்லைடில் எழுதிவிடலாம். அதன் அறிகுறிகள் யாவை என்று வினாடி வினாவில் கேட்டும் விடலாம். கோப்பு வரும்போது அது சதி என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஐந்து பேரில் நால்வரை சப்ளையர்களாக உட்கார வைத்து, அவர்கள் விரும்பினால் ரகசியமாகப் பேசி லாபத்தைப் பங்கிடலாம் என்று விட்டுவிடுங்கள். ஒருவர் வெல்ல மற்றவர்கள் வேண்டுமென்றே விலை ஏற்றிக் கொடுப்பதும், அடுத்த டெண்டரில் முறை மாறுவதும் சில சுற்றுகளில் தாமாக முளைக்கும். வாங்குபவர் இருக்கையில் இருப்பவருக்கு வெறும் எண்கள் மட்டும் தெரியும். பிறகு இருக்கையை மாற்றுங்கள். தான் சதி செய்து பார்த்தவருக்கு அடுத்த கோப்பிலுள்ள எண்கள் பேசத் தொடங்கும். பொம்மை சப்ளையரிடம் இதைக் கற்க வழியில்லை.

6. நல்ல முடிவுக்கு நல்ல பலன் கிடைத்தே தீருமா?

இந்த மறுப்பு, விளைவைக் காட்டும் கேம்களுக்கும் பொருந்தும். என் பக்கத்தவர்களும் கேட்க வேண்டியது. ஒற்றை சப்ளையரை நம்பிய பொறுப்பற்ற முடிவு அதிர்ஷ்டத்தால் தப்பிவிடலாம். இரண்டு சப்ளையர்களைச் சேர்த்து, தரப் பரிசோதனைக்கு நாள் ஒதுக்கிய கவனமான முடிவு வெள்ளத்தாலோ மூலப்பொருள் தட்டுப்பாட்டாலோ தோற்கலாம். ஒருமுறை நடந்ததை வைத்துப் புள்ளி கொடுத்தால் அதிர்ஷ்டத்துக்குப் பாராட்டும் கவனத்துக்குத் தண்டனையும் கிடைக்கும். மனிதர்கள் முடிவின் தரத்தை அதன் பலனை வைத்தே எடைபோடுகிறார்கள் என்று பேரன், ஹெர்ஷி இருவரும் 1988இல் காட்டியிருக்கிறார்கள். நம் தணிக்கை முறையின் பெருங்குறையும் இதுவே. அதைப் பயிற்சியிலும் ஊன்றக் கூடாது.

கணினி உண்மையில் உதவக்கூடிய இடம் இது. ஒரே முடிவை நூறு விதமான எதிர்காலங்களில் ஓட்டிக் காட்ட அதனால் முடியும். உங்கள் டெண்டர் நிபந்தனை இத்தனை முறை தாங்கியது, இத்தனை முறை மருந்து தீர்ந்து போனது என்று அது விரித்துக் காட்டும். வாங்குபவருக்குத் தெரியக் கூடாததை மறைக்கவும், ஓராண்டை ஒரு மணி நேரத்தில் சுருக்கவும், எந்தத் தகவலைப் பார்த்தபின் எந்த முடிவு எடுத்தார் என்பதைப் பதிவு செய்யவும் அதனால் முடியும். பலகையாலும் தாளாலும் இவற்றைச் செய்வது கடினம். இந்தத் திறன்களையெல்லாம் விட்டுவிட்டுக் கணினியைப் பதக்கம் அச்சிடும் இயந்திரமாக்குவது வீண்.

7. திரை அணைந்த பிறகு என்ன?

எத்தனை பேர் விளையாடி முடித்தார்கள் என்பதே இன்று பயிற்சியின் வெற்றி அறிக்கை. முடித்தவர் என்ன கற்றார் என்று கேட்பாரில்லை. விளையாட்டைத் தனியே ஓடவிடாமல் நடத்த ஓர் ஆள் வேண்டும் என்பது பழைய பாடம். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி பிரஷ்யப் படைத்தலைமைக்குக் காட்டிய போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இருந்தார். எந்தத் தகவல் எந்த அதிகாரியை எப்போது எட்ட வேண்டும் என்று முடிவு செய்ததும் அவரே. பீர் விளையாட்டிலும் பாடம் நடப்பது விளையாடி முடித்தபின் நான்கு இருக்கைகளின் வரைபடங்களையும் சுவரில் ஒட்டிப் பேசும் நேரத்தில். முன்பு சொன்ன 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது: மற்றக் கற்பித்தலோடு சேர்ந்தபோதும், பல அமர்வுகளாக நடந்தபோதும், குழுவாக விளையாடியபோதும் பலன் கூடியது. கைபேசியில் தனியாக, ஒரே அமர்வில், பேச ஆளில்லாமல் முடித்துச் சான்றிதழ் பதிவிறக்கும் முறை இந்த மூன்றையும் ஒருசேரக் கைவிடுகிறது. டெண்டர் பரிசீலனை என்பதே குழுவாக உட்கார்ந்து செய்யும் வேலை. அதைத் தனியாட்களின் தரவரிசையாக்குவது தொழிலின் இயல்பையே திரிப்பது.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஏது என்று கேட்பார்கள். பீர் விளையாட்டுக்குப் பலகையும் ஓர் அரை நாளும் போதும். ஜாடி ஏலத்துக்கு ஜாடியும் சில்லறையும் போதும். செலவு பிடிப்பது அசையும் பொம்மைகளும் பின்னணி இசையும்தான். கணினியில் செய்வதற்கான மூலப்பொருளும் நம்மிடமே இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் நடைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து மாவட்டக் கிடங்குகளுக்கு வருகிறது. மாதிரிகள் தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபடி மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகின்றன. தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகைக்குப் பாஸ்புக் உண்டு. இந்த ஒரு சங்கிலிக்குள் விலை, தரம், தாமதம், கையிருப்பு, வரவு செலவு ஐந்தும் மோதுகின்றன. சோதனையில் ஒரு தொகுதி தேறாத வாரத்தில் வாங்குபவர் என்ன செய்வார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஒரு நல்ல விளையாட்டைக் கட்டலாம்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் ஒன்று. பயிற்சி கேமை வாங்குவதும் ஒரு கொள்முதல்தான். பத்துக் கட்டம், இருபது பேட்ஜ், தரவரிசைப் பலகை, கைபேசியில் ஓட வேண்டும் என்று விவரக்குறிப்பு எழுதுவது எளிது. அப்படி எழுதினால் அந்தப் பட்டியலை மிகக் குறைந்த விலைக்கு நிறைவேற்றுபவர் வெல்வார். கற்றல் எந்த வரியிலும் இராது. அதனால் அந்த டெண்டரை எழுதப்போகும் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. விவரக்குறிப்பில் ஐந்து கேள்விகளை வையுங்கள். விதியை மீறாமலேயே இந்த விளையாட்டில் தோற்க முடியுமா? முடிவின் பலன் தாமதமாக வருகிறதா? சப்ளையர் இருக்கையில் சிந்திக்கும் மனிதர் இருக்கிறாரா? அதிர்ஷ்டத்தையும் கவனத்தையும் இது பிரித்துக் காட்டுகிறதா? முடிந்தபின் கூடிப் பேச நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்று சொல்ல முடியாத எதையும், அது எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும், வாங்காதீர்கள்.